அலை வராத நாற்பது விநாடிகள்

ஒரு படையை நாற்பது விநாடிக்குள் அழித்துத் தரச் சொன்னார்கள்.

கணினி விளையாட்டுகளுக்குத் தண்ணீரும் புகையும் தீயும் செய்து கொடுப்பது என் தொழில். கிழக்கிலங்கைக் கடற்கரையில், சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்து செய்கிறேன். கல்யாண அல்பம் தயாரிக்கும் கடை ஒன்றில் மணமக்களின் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கிற வேலையில் தொடங்கியவள் நான். மற்றதையெல்லாம் இணையத்தைப் பார்த்துத்தான் படித்தேன். இப்போது கொழும்பில் ஒரு சிறு நிறுவனம் எனக்கு வேலை அனுப்புகிறது. அவர்களுக்கு அது வெளிநாட்டில் இருந்து வருகிறது. ‘வீட்டில இரிந்து கார்ட்டூன் கீறுறா’ என்று உம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறார். நானும் திருத்தப் போகவில்லை.

அந்த விளையாட்டின் கதை இதுதான். நடுக்கடலில் ஒரு தீவு. அதைப் பிடிக்கக் கறுப்புப் பாய் கட்டிய முந்நூறு கப்பல்கள் வருகின்றன. தீவுக்காரர்கள் மூன்று நாள் சண்டை பிடித்துத் தோற்கிற கட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். அப்போது ஒரு மந்திரக்காரி பாறை உச்சியில் ஏறித் தன் தடியை ஓங்கிக் குத்துகிறாள். கடல் தென்னை உயரத்துக்கு எழும்பி வந்து விரிகுடா முழுவதையும் மூடுகிறது. படை அழிகிறது, தீவு பிழைக்கிறது, விளையாடுகிறவர் வெல்கிறார். கடல் எழும்புகிற அந்த நாற்பது விநாடி என் பங்கு.

வேலையைக் கேட்டதும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கடற்கரை ஊர்க்காரி என்றால் அலை என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்கிப் போவாள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே இரண்டு விளையாட்டுகளுக்கு அலை செய்து கொடுத்திருக்கிறேன். நன்றாகவே வந்திருந்தது.

கொழும்பு நிறுவனத்தில் என் வேலையைப் பார்த்துத் திருத்துகிறவரைத் தம்பி என்று கூப்பிடுவேன். என்னைவிட நாலு வயது இளையவர், என்னை அக்கா என்பார். தண்ணீரின் அசைவைப் பார்த்துச் செய்வதற்கென்று வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த பதினொரு வீடியோக்களை அவர் எனக்கு அனுப்பினார். அணை உடைவது, வெள்ளம் பாலத்தை இழுப்பது, புயலில் துறைமுகம் என்று ஒவ்வொன்றும் அரை நிமிடம், ஒரு நிமிடம். நான் எப்போதும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

ஒன்பதாவது வீடியோ ஏதோ ஒரு மாடியில் நின்று எடுத்தது. கீழே ஒரு தெரு. அதற்குள் தண்ணீர் கறுப்பாக வந்துகொண்டிருந்தது. தகரங்கள், கதிரைகள், ஒரு சைக்கிள் எல்லாம் அதன் மேல் போயின. ‘நுரை குறைவு, வேகம் சீர்’ என்று என் கொப்பியில் குறித்துக்கொண்டேன். தண்ணீர் மதிலில் மோதுகிற நேரத்தைச் சரியாகப் பிடிப்பதற்காக ஒலியைத் திறந்தேன்.

“மாடிக்கு ஏறுங்க! டக்கெண்டு ஏறுங்க, டக்கெண்டு! புள்ளயள முதல்ல ஏத்துங்க! உம்மா, செருப்ப வுடுங்க. செருப்பு வாணாம், வாங்க!”

எங்கள் பேச்சு. எங்கள் ஊர்த் தெரு. அந்த மதிலைக்கூட இப்போது அடையாளம் தெரிந்தது.

அன்றைக்கு எனக்குப் பத்து வயது. சுனாமி எங்கள் வீட்டில் இரண்டு சுவரை மட்டும் விட்டுவிட்டுப் போனது. ஆறு வயதுத் தங்கச்சி அன்று காலை கடற்கரைப் பக்கம் இருந்த சாச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் கிடைக்கவில்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

வீடியோவை நிறுத்திவிட்டு அதன் பெயரைப் பார்த்தேன். ‘நல்ல தண்ணீர் 9’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அழுகை வரவில்லை. காது சுட்டது. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

கீழே குசினியில் உம்மா சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தார். வீடியோ வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“எங்கட ஊராக்கள்ற சத்தமா? போடு பாப்பம்.”

“வாணாம் உம்மா.”

“படத்த ஆரு கேட்ட? சத்தத்தப் போடு.”

கையைத் துடைத்துவிட்டு வந்து, போனின் திரையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். நான் போட்டேன். ஒரு தரம் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். ‘டக்கெண்டு, டக்கெண்டு’ என்ற இடத்தில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இவன் நம்மட வலக்கடக்காரன்தானே?”

பஸார் வீதியில் வலையும் நூலும் தூண்டிலும் விற்கிற மனிதர் அவர். முன்பு கடலுக்குப் போனவர், சுனாமிக்குப் பிறகு ஒரு நாளும் போகாதவர். கடையில் யாருக்கு எதை எடுத்துக் கொடுத்தாலும் ‘டக்கெண்டு, டக்கெண்டு’ என்பார். ஆனால் மெல்லிய குரல். இந்த வீடியோவில் கத்துகிற குரலையும் அதையும் நான் ஒருகாலமும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டேன்.

“அவன் அண்டைக்கு வாப்பாவ வுட்டுட்டு ஓடிட்டன் எண்டுதானே சொல்லித் திரியிறான்” என்றார் உம்மா.

அது ஊருக்கே தெரிந்த கதை. நடக்க முடியாத அவருடைய வாப்பா வீட்டுக்குள்ளேயே தண்ணீரில் மூழ்கி மவுத்தானார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பள்ளிவாசலில் எல்லோரும் கூடித் துஆ கேட்கும்போது அவர் மட்டும் வரமாட்டார்.

உம்மா திரும்பவும் மீன் சட்டிக்கு முன்னால் குந்தினார். “இது என்னத்துக்கு உனக்கு அனுப்பின?”

விளையாட்டின் கதையைச் சொன்னேன். படை, மந்திரக்காரி, தடி, கடல்.

“அப்ப அந்தக் கடல் கெட்டவனுக்கு மட்டும் அடிக்குமா?”

“கதையில அப்பிடித்தான் உம்மா.”

“நல்ல கடல்” என்றார்.

அந்த இரண்டு சொல்லில் எனக்கு அகதி முகாம் ஞாபகம் வந்தது. சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். இரண்டாவது கிழமை எங்கிருந்தோ ஒருவர் வந்து, ஆண்களையும் பெண்களையும் வேறாக உட்காரவைத்து, இது நம் பாவங்களுக்குக் கிடைத்த தண்டனை என்று பேசினார். இசை, உடுப்பு, கல்யாணச் செலவு என்று பாவங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெண்கள் குனிந்துகொண்டு கேட்டார்கள். உம்மா எழும்பினார். யாரோ கொடுத்த, அளவு பெரிதான ஒரு சட்டையைப் போட்டிருந்தார்.

“என்ட மகளுக்கு ஆறு வயசு” என்றார். “அவ என்ன பாவம் செஞ்ச எண்டு சொல்லுங்க.”

அவர் கேளாதது போல அடுத்த வசனத்துக்குப் போனார். உம்மா உட்காரவில்லை.

“சொல்லிட்டுப் போங்க. நான் நிக்கிறன்.”

அவர் பேச்சை முடிக்கவில்லை. ஏதோ ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி வாகனத்தில் ஏறிப் போனார். வாகனம் கேட்டைத் தாண்டும் வரை உம்மா நின்றுகொண்டே இருந்தார். அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மாடிக்குப் போய் வேலையைத் திறந்தேன். தீவின் கரையில் பதினொரு குடிசைகள் இருந்தன. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அலை வருகிறபோது அவையும் சேர்ந்து மூழ்கும் என்று குறிப்பில் இருந்தது. கொழும்புத் தம்பிக்கு அழைப்பு எடுத்தேன்.

“தம்பி, கரையில பதினொரு குடிசை இரிக்கி. அதில உள்ள ஆக்கள் எங்க?”

“ஆக்களா? அது சும்மா பின்னணிக்கு வச்சதுக்கா. உள்ள யாருமில்ல.”

“கூரைக்கு மேல போற அடுப்புப் புகைய நான்தான் செஞ்சு தந்தன். அப்ப சோறாக்கிறது ஆரு?”

அவர் சிரித்தார். பிறகு, நான் சிரிக்கவில்லை என்று விளங்கி நிறுத்தினார். ஒன்பதாவது வீடியோ எங்கே எடுத்தது, அதில் என்ன கத்துகிறார்கள் என்று சொன்னேன்.

“அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் சத்தம் வச்சுப் பாக்கல. இப்பவே எடுத்துர்றேன், அவங்களுக்கும் எழுதுறேன்.” பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார், “இந்தப் பகுதிய வேற யாருக்காவது குடுப்போமா? விளையாட்டுல இன்னொரு நாடு தீப்பிடிக்கிற காட்சி இருக்குதானே, நீங்க அதைச் செய்ங்க. உங்களுக்குக் கஷ்டம் வேணாம்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வேற ஆளுக்குக் குடுக்க வாணாம். அந்தப் படைய நான்தான் அழிப்பன். அலையால இல்ல.”

“அப்ப எதால?”

“தெரியாது. பத்து நாள் தாங்க.”

“ஒரு கிழமைதான் தரலாம். அவங்க ஒத்துக்கலைன்னா அலைதான், சரியா?”

நான் சரி என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு வலைக்கடைக்குப் போனேன். அந்த நேரம் பஸாரில் ஆள் குறைவு. அவர் கடைக்குள் உட்கார்ந்து தங்கூசி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். என்ன செய்தி என்று சொல்லி, கேட்க விருப்பமா என்று கேட்டேன். நூலைக் கீழே வைத்தார். உம்மா செய்தது போல நானும் திரையை மூடிக்கொண்டு போட்டேன்.

முடிந்ததும் அவர் கேட்டார், “இது ஆரு?”

“நீங்கதான் மாமா.”

“நானா?”

மறுபடி போட்டேன். மூன்றாம் தரம் அவரே போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். படத்தை அவர் பார்க்கவில்லை. வெளியே ஒரு ஓட்டோ நின்று, யாரோ எதையோ கேட்டார்கள். அவர் கையால் போகச் சொன்னார்.

“நான் ஓடினன் எண்டுதான் எனக்கு ஞாபகம்” என்றார். “வாப்பாவத் தூக்கப் போகல்ல. ஓடிட்டன். மறுகா மாடியில நிண்ட ஞாபகம். நடுவில ஒண்டுமில்ல. இருவது வருசமா நடுவில ஒண்டுமே இல்ல புள்ள.”

“நடுவில இதுதான் மாமா இரிந்திரிக்கி.”

“அந்தச் செருப்புக் கிழவி?”

“ஏறிட்டா. படத்தில தெரியிது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் இரண்டும் ஆடின. நான் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேசையில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்தார்.

“வாப்பாக்கு இது பதிலில்ல” என்றார். “ஆனா பொய்யுமில்லதானே?”

“பொய்யில்ல மாமா. இத முழுசா அழிக்கச் சொல்லி வெளிநாட்டுக்காரனுக்கு எழுதப் போறன்.”

“அழிக்கச் சொல்லாத!” வீடியோவில் கேட்ட அதே குரல் ஒரு விநாடி கடைக்குள் கேட்டது. பிறகு தணிந்து, “அவன்ட விளையாட்டில இரிந்து எடுக்கச் சொல்லு. சத்தத்த எனக்குத் தா” என்றார்.

ஒலியை மட்டும் பிரித்து அவருடைய போனில் போட்டுக் கொடுத்தேன்.

புறப்படுகிறபோதுதான் கேட்டேன். அந்த நேரத்தில் கேட்பது சரியா என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

“மாமா, கப்பல் நிக்கிற இடத்தில கடல் அப்பிடியே வத்திப் போனா என்ன நடக்கும்?”

“எந்தக் கப்பல்?”

“மரக் கப்பல். பெரிசு. நிறைய ஆளும் பாரமும்.”

அவர் முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு நூற்சுருளை மேசையில் நிமிர்த்தி வைத்து விரலை எடுத்தார். அது உருண்டு சாய்ந்தது. இளமையில் முகத்துவாரத்து மணல்திட்டில் தட்டி நின்ற ஒரு மரப்படகை அவர் பார்த்திருக்கிறார்.

“நேரா நிக்காது. பக்கத்தில படுக்கும். பாரம் எங்கால கூடவோ அங்கால. படுத்தா அதுர பாரமே அதுக்குக் கேடு. பலகை வுடும், இடுக்கெல்லாம் திறக்கும். மறுகா தண்ணி வந்தாலும் எழும்பாது.”

“எழும்பாதா?”

“எப்பிடி எழும்பும்? ஓட்டையாலதானே தண்ணி உள்ளுக்கு வருது. கிடந்த இடத்திலயே கிடக்கும்.” பிறகு ஏதோ யோசித்துக் கேட்டார், “ஆனா கடல் மறுகா வருந்தானே? வராட்டி அந்த ஊர்ச் சனம் என்னத்தப் புடிக்கிற?”

வரும் என்று சொன்னேன். அது வரை அதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் மாடியை விட்டு இறங்கியது குறைவு. உம்மா சாப்பாட்டை மேலே கொண்டுவந்து வைத்தார். ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “கப்பலுக்குக் கீழ நண்டு ஓடணும்” என்றார். ஓடவிட்டேன்.

நான் செய்தது இதுதான். மந்திரக்காரி தடியைக் குத்துகிறாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கரையில் இருந்து தண்ணீர் பின்வாங்குகிறது. ஆரவாரம் இல்லை. எங்கிருந்தோ கூப்பிட்டவரிடம் போகிறது போல, விரிகுடாவின் தண்ணீர் முழுவதும் எழும்பி வெளியே நடக்கிறது. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் குந்துகின்றன. நங்கூரச் சங்கிலிகள் தொய்கின்றன. முதற்கப்பல் மெல்லச் சாய்ந்து பக்கத்துக் கப்பலின் பாய்மரத்தை முறிக்கிறது. அது அடுத்ததன் மேல் விழுகிறது. முந்நூறும் படுக்கின்றன. கடலின் அடிநிலம் பிளந்து பலகைகளைக் கவ்வுகிறது. இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் இறங்கி முழங்கால் வரை புதைகிறார்கள். சட்டையைக் கழற்றுகிறார்கள், ஈட்டியைப் போடுகிறார்கள். வெறுங்கையோடு கரைக்கு நடக்கிறார்கள். கரையில் குடிசைகளில் இருந்து ஆட்கள் வெளியே வந்து நிற்கிறார்கள். இருபத்து மூன்று பேரை நானே செய்தேன். ஒருவருடைய கால்கூட நனையவில்லை. கடைசி நான்கு விநாடியில் கடல் கணுக்கால் உயரத்தில் திரும்பி வந்து, படுத்த கப்பல்களைச் சுற்றிக்கொண்டு வலைகளுக்குக் கீழே நிற்கிறது. கப்பல்கள் எழும்பவில்லை.

அந்த இருபத்து மூன்று பேரில் என் தங்கச்சி இருக்கிறாளா என்று கொழும்புத் தம்பி பிறகு கேட்டார். இல்லை. அவளை நான் யாருடைய விளையாட்டிலும் வைக்க மாட்டேன்.

வெளிநாட்டு இயக்குநரோடு அழைப்பு அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம் நடந்தது. கொழும்புத் தம்பியும் இருந்தார். இரண்டு தரம் போட்டுக் காட்டினேன். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

“அலை எங்கே?” என்றார் ஆங்கிலத்தில்.

“அலை இல்லை” என்றேன்.

“விளையாடுகிறவர்கள் அலையைத்தான் எதிர்பார்ப்பார்கள். இருபது மணித்தியாலம் அடி வாங்கியவர்களுக்கு எதிரி அழிகிறதைப் பார்க்க வேண்டும்.”

“எதிரி அழிகிறான். முந்நூறு கப்பலில் ஒன்றுகூட மிச்சமில்லை.”

“இருந்தாலும், அலைக்கு ஒரு நியாயத் தீர்ப்பின் கம்பீரம் இருக்கிறது.”

கொழும்புத் தம்பி கண்ணை மூடிக்கொண்டதைத் திரையில் கண்டேன். என் ஆங்கிலம் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதனால் சுருக்கமாகச் சொன்னேன். “நான் அதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. அது சீருடையைப் பார்த்து அடிக்கவில்லை. நீங்கள் அனுப்பிய ஒன்பதாவது வீடியோ என் தெரு.”

அவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வேண்டாம், அந்த வீடியோ உங்கள் விளையாட்டில் எங்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. வீடியோவை எடுத்துவிட்டார்கள். கடல் வெளியேறுவதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கரையில் நிற்கிற ஆட்களை எடுத்துவிட வேண்டுமாம், பார்வை சிதறுகிறதாம்.

“விட்டுக்குடுங்கக்கா” என்றார் தம்பி. “பெரிய விஷயத்துல வென்டுட்டீங்க. இது சின்னது.”

“ஆக்கள எடுத்தா என்ட பேரையும் எடுங்க. நாற்பது விநாடியையும் எடுங்க. அலைய வேற ஆரிட்டயும் வாங்குங்க.”

“அக்கா, அவங்க உண்மையிலயே அப்படிச் செஞ்சிருவாங்க.”

“செய்யட்டும்.”

நான்கு நாள் ஒரு செய்தியும் வரவில்லை. அந்த நான்கு நாளும் நான் திடமாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். உம்மாவோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தேன். ஆனால் ‘சரி, எடுங்கள்’ என்று எழுதவும் என் கை போகவில்லை. ஐந்தாம் நாள், ஆட்கள் இருக்கலாம், கொஞ்சம் தூரத்தில் நிற்கட்டும் என்று பதில் வந்தது. தூரத்தில் நிறுத்தினேன். இருபத்து மூன்று பேரும் இருக்கிறார்கள். எண்ணிப் பார்க்கலாம்.

வலைக்கடைக்காரர் அந்த வருடமும் துஆவுக்கு வரவில்லை. கடையைத் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் கேட்கிறவர்களிடம் ‘ஓடிட்டன்’ என்று சொல்வதை நிறுத்திவிட்டார் என்று உம்மா சொன்னார். அந்த ஒலியை மனைவியிடமும் இரண்டு மகள்மாரிடமும் போட்டுக் காட்டினாராம். மற்ற யாருக்கும் காட்டவில்லை.

விளையாட்டு வெளியான மாதம் கொழும்புத் தம்பி எனக்குச் சில கருத்துகளைப் படம் பிடித்து அனுப்பினார். இணையத்தில் விளையாடியவர்கள் எழுதியவை. அழகாக இருக்கிறது என்று சிலர். பலருக்குப் பிடிக்கவில்லை. ‘கடைசியில் ஒரு பெரிய அலை வந்து எல்லாவற்றையும் அடித்துப் போகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவே இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் ஆமோதித்திருந்தார்கள். மனதில் எடுக்க வேண்டாம் என்று தம்பி ஒரு குறிப்பும் வைத்திருந்தார்.

நான் மனதில் எடுக்கவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உம்மா கீழே இருந்து கூப்பிட்டார். இறங்குவதற்கு முன் தம்பிக்கு ஒரு வரி எழுதினேன்.

“வராது எண்டு சொல்லுங்க தம்பி.”